மாத்திரை தொடங்கியபின் பிள்ளையின் குணம் மாறினால்: மணியைப் பார்த்துக் காரணம் தேடும் வழி

ஏடிஎச்டிக்கு (கவனம் நிற்காமை, அடங்காத துறுதுறுப்பு) மாத்திரை தொடங்கிய வீடுகளிலிருந்து சில வாரங்களில் ஒரு போன் வரும். "ஒத்துக்கலை மிஸ், நிறுத்திடட்டுமா?" சில வீடுகளில் நிறுத்திவிட்டுத்தான் சொல்வார்கள். வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கத்துப் பிள்ளைகளோடு சிறப்பாசிரியராக வேலை செய்கிறேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் எழுதிக் கொடுத்த டாக்டரின் வேலை. ஆனால் அவர் சரியாக முடிவெடுக்கத் தேவையான தகவல் அவர் மேஜையில் இல்லை, நம் வீட்டில் இருக்கிறது. அதை எப்படிச் சேகரிப்பது, எந்தத் தொந்தரவுக்கு எதை முதலில் பார்ப்பது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு வரும் கோபமும் மாலை ஐந்து மணிக்கு வரும் கோபமும் ஒன்றில்லை. முதலாவது, மருந்து உச்சத்தில் இருக்கும்போது வருகிறது. அளவு அதிகமோ என்று யோசிக்க வேண்டும். இரண்டாவது, மருந்து இறங்கும்போது வருகிறது. அதற்கு டாக்டர் சில நேரம் மருந்தை நீட்டவே செய்வார். மணியைச் சொல்லாமல் "ரொம்பக் கோவப்படறான்" என்று மட்டும் சொன்னால், குறைப்பதா நீட்டுவதா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இவை இருந்தால் மீதியைப் படிக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்

உடம்பில் பூச்சி ஊர்கிறது, மூலையில் பாம்பு இருக்கிறது என்று இல்லாததைப் பார்த்துப் பிள்ளை நடுங்கினால். யாரோ பேசுவது காதில் விழுகிறது என்று சொன்னால். செத்துப்போகிறேன் என்று பேசினால், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டால். ராத்திரியெல்லாம் தூங்காமல், களைப்பே இல்லாமல், நிறுத்தாமல் பேசி, தன்னால் எதுவும் முடியும் என்கிற மாதிரி நடந்துகொண்டால். மயங்கி விழுந்தால், நெஞ்சு வலி என்று பிடித்துக்கொண்டால்.

இவை அரிது. தூண்டும் வகை மருந்துகளால் (மெத்தில்ஃபெனிடேட் இந்த வகை) குரல் கேட்பது, காரணமில்லாமல் சந்தேகப்படுவது போன்றவை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு வரலாம் என்று 2007ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்தோடு தரும் தாளிலேயே அச்சிடச் சொன்னது. ஏடிஎச்டிக்குத் தரும் இன்னொரு மருந்தான அட்டோமாக்செட்டினுக்கு 2005ல் கட்டம் போட்ட எச்சரிக்கை (மருந்துத் தாளில் கட்டத்துக்குள் அச்சிடும் மிகக் கடுமையான எச்சரிக்கை) வந்தது. ஆய்வுகளில் அதைச் சாப்பிட்ட 1,357 பிள்ளைகளில் 5 பேருக்குத் தற்கொலை எண்ணம் இருந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட 851 பேரில் யாருக்கும் இல்லை. அந்த ஆய்வுகளில் எந்தப் பிள்ளையும் இறக்கவில்லை. பயமுறுத்துவதற்காக இந்த எண்களைச் சொல்லவில்லை. முதல் சில மாதங்களிலும் அளவு மாறும் நாட்களிலும் பிள்ளையின் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். "சும்மா சொல்றான்" என்று தள்ளிவிடாதீர்கள்.

இப்படி ஏதாவது இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மெத்தில்ஃபெனிடேட் என்றால் அடுத்த வேளையைக் கொடுக்காமலே போகலாம், ஒரு வேளை விட்டால் ஆபத்து எதுவும் வராது. சில பிள்ளைகளுக்கு ஏடிஎச்டிக்காகத் தரும் குளோனிடின் மட்டும் அப்படி இல்லை. அதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் ஏறும். டாக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். ஸ்டேன்லி அரசு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு ராத்திரியும் உண்டு. வண்டி வேண்டுமென்றால் 108. மனநலம் பற்றிக் கேட்க டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள்.

முதல் வேலை: அட்டையைப் பாருங்கள்

எந்தத் தொந்தரவாக இருந்தாலும் மாத்திரை அட்டையைக் கையில் எடுங்கள். பெயரையும் பக்கத்தில் உள்ள எழுத்தையும் பாருங்கள். நம் பக்கம் அதிகம் எழுதித் தருவது மெத்தில்ஃபெனிடேட். சாதா மாத்திரை அரைமணி நேரத்தில் வேலை செய்ய ஆரம்பிக்கும், இரண்டு மணி நேரத்தில் உச்சம், மூன்றிலிருந்து நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எஸ்.ஆர்., இ.ஆர்., ஓ.டி. என்று பெயரோடு ஒட்டியிருந்தால் அது மெதுவாகக் கரைகிற வகை, தயாரிப்பைப் பொறுத்து ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை நிற்கும்.

அட்டோமாக்செட்டினுக்கு இந்த ஏற்ற இறக்கமே கிடையாது. தினமும் சாப்பிட்டு இரண்டு முதல் ஆறு வாரத்தில்தான் பலன் தெரிய ஆரம்பிக்கும், முழுப் பலனுக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். அதனால் "காலைல போட்டேன், சாயந்தரமே மாறிட்டான்" என்கிற கணக்கு அதற்குப் பொருந்தாது. அதில் வரும் தூக்கக் கலக்கம், வயிற்றுப் புரட்டல், எரிச்சல் எல்லாம் பெரும்பாலும் தொடக்க வாரங்களில் வரும். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ மட்டும் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள், கல்லீரலைச் சோதிக்க வேண்டும். குளோனிடின் பிள்ளையைத் தூங்கி வழிய வைக்கும். அதைச் சாப்பிடும் பிள்ளை மந்தமாக இருந்தால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

போன மாதம் வாங்கிய அட்டையையும் இந்த மாத அட்டையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மெத்தில்ஃபெனிடேட் போதை மருந்துத் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிற மருந்து, தெருமுனை மெடிக்கலில் எல்லாம் கிடைக்காது. இருப்பு இல்லாதபோது "இதுவும் அதே மருந்துதாம்மா" என்று எஸ்.ஆருக்குப் பதில் சாதா மாத்திரை கைக்கு வந்துவிடலாம். மருந்தின் பெயர் அதேதான், மில்லிகிராமும் அதேதான், ஆனால் பிள்ளையின் நாள் தலைகீழாகிவிடும்.

இரண்டாவது வேலை: ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு நாளைக்கு நாலைந்து வரி. பார்த்ததை மட்டும் எழுதுங்கள், காரணத்தை எழுதாதீர்கள். மாதிரிக்கு ஒரு நாள்:

காலை 7.30: இட்லி மூணு. மாத்திரை 7.45.
மதியம்: டப்பாவில் பாதி மீதி. மிஸ் சொன்னது: கணக்குப் பீரியடில் எழுதினான், விளையாட்டுப் பீரியடில் தனியாக உட்கார்ந்தான்.
4.20: வந்ததும் பையைத் தூக்கிப் போட்டான். தங்கச்சியை அடித்தான். 20 நிமிடம் அழுகை.
5.10: சாதாரணம். 
இரவு: 10.40க்குத் தூங்கினான்.

இன்னும் மாத்திரை தொடங்காத வீடு என்றால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. தொடங்குவதற்கு முன்பே ஒரு வாரம் இதே மாதிரி எழுதி வையுங்கள். எரிச்சல், நகம் கடிப்பது, தூக்கம் வராதது, சட்டென்று அழுவது என்று பக்கவிளைவுப் பட்டியலில் இருக்கிற பலவும் ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளிடம் மருந்துக்கு முன்பே இருப்பவை. வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் பெற்றோர் இதே புகார்களைக் கணிசமாகச் சொல்லியிருக்கிறார்கள். பழைய பக்கம் கையில் இருந்தால் எது புதுசு, எது பழசு என்று யாரும் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

"ஸ்கூல்ல கம்முனு கீறானாம், வூட்டுக்கு வந்தா ஆட்டம் தாங்கல"

எனக்கு வரும் புகார்களில் இதுதான் முதலிடம். மாத்திரையை நிறுத்துவதற்கும் இதுதான் பெரும்பாலும் காரணமாகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மருந்து இறங்கும் நேரத்தில் சில பிள்ளைகளுக்கு எரிச்சலும் அழுகையும் துள்ளலும் மருந்துக்கு முன்பிருந்ததைவிட அதிகமாக வரும். பெரும்பாலும் அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை நீடிக்கும், அப்புறம் தானாக அடங்கும். காலையிலும் மதியமும் சாதா மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு இது சரியாகப் பள்ளி விடும் நேரத்தில் வந்து நிற்கும். நாள் முழுக்கப் பிள்ளையைப் பார்க்காத அம்மாவுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் கண்ணில் படும். "மாத்திரை போட்டதிலிருந்து இப்படித்தான்" என்று அவர் சொல்வது அவர் பார்த்த அளவில் உண்மை.

ஆனால் அதே மணியில் இன்னும் இரண்டு விஷயங்கள் வந்து சேர்கின்றன. ஒன்று, பசி. இந்த மருந்து மதியப் பசியைக் கொன்றுவிடும். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். யூனிஃபார்ம்கூடக் கழற்றவில்லை, பை வாசலில் கிடக்கிறது, தங்கை அவன் பென்சிலைத் தொட்டாள் என்பதற்காகச் சுவரில் காலால் உதைத்துக்கொண்டிருக்கிறான். அவன் அம்மா டப்பாவைத் திறந்தார். எலுமிச்சை சாதம் காலையில் அடைத்த மாதிரியே, ஸ்பூன் தடம்கூடப் படாமல் இருந்தது. காலை ஏழரைக்குச் சாப்பிட்டவன் நாலரை வரை வெறும் தண்ணீரில் இருந்திருக்கிறான். அந்த நேரத்தில் அவனிடம் "ஹோம்வொர்க் என்ன?" என்று கேட்டால் பெரியவர்களுக்கே கோபம் வரும்.

இன்னொன்று, களைப்பு. ஏழெட்டு மணி நேரம் கையைக் காலை அடக்கி உட்கார்ந்திருந்த பிள்ளை, தன்னை அடிக்க மாட்டார்கள், விட்டுவிட மாட்டார்கள் என்று நம்பும் இடத்தில்தான் கொட்டும். மாத்திரை சாப்பிடாத பிள்ளையும் இதைச் செய்யும்.

எது எவ்வளவு என்று பிரிக்க ஞாயிற்றுக்கிழமையைப் பயன்படுத்துங்கள். அன்றைக்குப் பிள்ளை தாமதமாக எழுந்து மாத்திரையும் தாமதமாகத்தான் உள்ளே போகும். காலை எட்டுக்குப் பதில் பத்துக்குப் போட்டால், வெடிப்பும் இரண்டு மணி நேரம் தள்ளி வருகிறதா? வந்தால் மருந்து இறங்குவதுதான் பெரிய காரணம். ஞாயிறு முழுக்க ஒன்றுமே இல்லையென்றால் பள்ளிக் களைப்பையும் மதியப் பட்டினியையும் பாருங்கள். பள்ளி நாளோ லீவோ, மாத்திரை எப்போது போட்டாலும், டியூஷனுக்குக் கிளப்பும் நேரத்தில்தான் வெடிக்கிறது என்றால் டியூஷனில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். மாத்திரையை மெதுவாகக் கரையும் வகையாகச் சாப்பிடும் பிள்ளைக்கு ஞாயிறன்று ரொம்பத் தாமதமாகக் கொடுக்க வேண்டாம், ராத்திரித் தூக்கம் போகும்.

நம் கையில் இருப்பதை முதலில் சரி செய்வோம். காலைச் சாப்பாடு மாத்திரைக்கு முன்பே வயிற்றில் போகட்டும், ஏனென்றால் பகலில் நம்பி எண்ணக்கூடிய சாப்பாடு அதுதான். அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவுத் திட்டம் இருக்கிறது. அங்கே சாப்பிடும் பிள்ளை என்றால் மாத்திரையை வீட்டில் கொடுக்கும் நேரத்தையும் அங்கே சாப்பிடும் நேரத்தையும் பொருத்திப் பாருங்கள். பள்ளி விட்டு வந்ததும் கேள்வி எதுவும் கேட்காமல் முதலில் தின்னக் கொடுங்கள்: அவித்த முட்டை, வேர்க்கடலை, சுண்டல், பால், வாழைப்பழம், எது வீட்டில் இருக்கிறதோ அது. பிள்ளை அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கேட்கிறதா, வாங்கிக் கொடுங்கள், கூடவே அந்தக் கடையிலேயே ஒரு முட்டை மசாலாவும் வாங்குங்கள். பசி திரும்புவதே மாலையில்தான். எட்டு மணிக்கு இன்னொரு முழுச் சாப்பாடு சாப்பிட்டால் எடை பற்றிய கவலையும் குறையும். டியூஷனை ஐந்திலிருந்து ஆறரைக்குத் தள்ள முடியுமா என்று டியூஷன் அக்காவிடம் கேளுங்கள். காரணம் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். அந்த இடைவெளியில் கால்பந்தோ, சைக்கிளோ, மாடியில் ஓட்டமோ, உடம்பு அலுக்கட்டும்.

ஒரு வாரம் இப்படிச் செய்தும் அதே மணிக்கு அதே வெடிப்பு என்றால் நோட்டோடு டாக்டரிடம் போங்கள். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவது, வேளைகளை நகர்த்துவது, இறங்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன அளவு சேர்ப்பது என்று அவரிடம் வழிகள் உண்டு. நீங்களாக நாலு மணிக்கு ஒரு அரை மாத்திரை கொடுத்துப் பார்க்காதீர்கள். மாலை அடங்கும், ராத்திரி விடிய விடியக் கொட்டக் கொட்ட முழித்திருக்கும்.

"பொம்மை மாதிரி உக்காந்துக்கினு இருக்கான்"

இது நேரெதிர். மாத்திரை போட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் பிள்ளை சிரிப்பில்லாமல், பேச்சில்லாமல், ஒரே இடத்தை வெறித்துக்கொண்டு இருந்தால் அளவு கூடிவிட்டது என்பதுதான் முதல் சந்தேகம். சமீபத்தில் அளவைக் கூட்டினார்களா என்று பாருங்கள்.

இந்தத் தொந்தரவு நோட்டில் ஏறாமலே போய்விடும் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். வகுப்பில் அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு அமைதியாக உட்காரும் பிள்ளை நிம்மதி. "இப்பதான்மா நல்ல பையனா இருக்கான்" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பாராட்டை மட்டும் வைத்து மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். அவரிடம் வேறு கேள்வி கேளுங்கள்: இன்டர்வெல்லில் யாரோடு இருக்கிறான்? ஜோக்குக்குச் சிரிக்கிறானா? தெரிந்த கேள்விக்குக் கை தூக்குகிறானா?

வீட்டில் பார்க்க லீவு நாள் காலை போதும். கேரம்போர்டு இல்லாத தெரு நம் பக்கம் குறைவு. ஸ்ட்ரைக்கருக்குச் சண்டை போடுகிற பிள்ளை சண்டையே போடாமல், தோற்றாலும் ஜெயித்தாலும் ஒரே முகமாக இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். பிள்ளையின் கலகலப்பைப் பறிக்கிற அளவு சரியான அளவே இல்லை. கவனமும் வர வேண்டும், பிள்ளை பிள்ளையாகவும் இருக்க வேண்டும். இரண்டும் கிடைக்கிற அளவு பெரும்பாலும் கிடைக்கும், டாக்டரிடம் சொன்னால்தான் தேடுவார்.

காலையில் பொம்மை, மதியமே ஆட்டம்

மெதுவாகக் கரையும் மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைக்கு மேலே சொன்ன இரண்டும் ஒரே நாளில் வந்தால், மாத்திரையை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். முழுங்கத் தெரியாத பிள்ளைக்கு ஆயா கரண்டியின் பின்பக்கத்தால் மாத்திரையை நசுக்கி, வாழைப்பழத்தில் வைத்து ஊட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அன்பாகத்தான் செய்தார். ஆனால் எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டிய மருந்து நசுங்கியதும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடுகிறது. மென்று தின்றாலும் இதேதான். எஸ்.ஆர்., இ.ஆர்., ஓ.டி. எதையும் பொடிக்கக் கூடாது, மெல்லக் கூடாது, டாக்டரைக் கேட்காமல் உடைக்கவும் கூடாது.

முழுங்கக் கற்றுக்கொடுப்பது கடினமில்லை. சீரக மிட்டாயில் தொடங்குங்கள், அப்புறம் கொஞ்சம் பெரிய மிட்டாய். நாக்கின் நடுவில் வைத்து, ஒரு வாய் தண்ணீர், தலையை அண்ணாந்து பார்க்காமல் நேராக வைத்து முழுங்கச் சொல்லுங்கள். முடியவே இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு வகை யோசிப்பார். ஒரு வகை மாத்திரையின் மேலோடு மட்டும் மலத்தில் முழுசாக வெளியே வரும். மருந்து உள்ளே இறங்கிய பிறகு வரும் வெறும் கூடு அது, பயப்பட வேண்டாம்.

ஒரு நாள் கேட்கிறது, ஒரு நாள் கேட்கவில்லை

மாத்திரை கொடுக்கிற ஆளையும் மணியையும் பாருங்கள். காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் ஒரு அம்மா விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். மறந்துவிடக் கூடாதே என்று தூங்குகிற பிள்ளையை எழுப்பி ஐந்து மணிக்கே மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் போகாத நாட்களில் எட்டு மணி. ஐந்து மணி நாட்களில் முதல் பீரியட் தொடங்கும்போதே சாதா மாத்திரை தீர்ந்திருக்கும், வெடிப்பு பிரேயரில் வரும். பள்ளியில் "ஒரு நாள் தங்கம், ஒரு நாள் தாங்க முடியல" என்று சொன்னதன் காரணம் அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அக்காவோ, அண்ணனோ, ஒருவர் பொறுப்பில் ஒரே மணிக்குக் கொடுக்க ஏற்பாடு செய்ததும் பாதிப் பிரச்சினை போனது. மதிய வேளையைப் பள்ளியில் கொடுக்க வேண்டியிருந்தால் பிள்ளையின் பையில் போட்டு அனுப்பாதீர்கள், வகுப்பாசிரியரிடம் சீட்டின் நகலோடு கொடுத்து வையுங்கள்.

நாள் முழுக்க அழுகை, ஒட்டுதல், பயம்

மணியோடு சேராமல் காலை முதல் இரவு வரை தொட்டால் அழுகை, அம்மாவை விட்டு நகராமை, காரணமில்லாத பயம் என்றால் யோசிக்க நிறைய இருக்கிறது. வயதைப் பாருங்கள். ஆறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு எரிச்சலும் அழுகையும் அதிகம் வரும். அந்த வயதில் பெற்றோருக்கான பயிற்சிதான் முதல் சிகிச்சை, மருந்து அதற்கு அப்புறம். பிள்ளைக்குப் பதற்றமோ மனச்சோர்வோ முன்பே இருந்து, ஆட்டத்துக்கு அடியில் தெரியாமல் போயிருக்கலாம். பள்ளியில் யாராவது "மாத்திர கேஸு" என்று கிண்டல் செய்கிறார்களா என்றும் கேளுங்கள். அப்பா குடித்துவிட்டு வந்த இரவு, வீடு மாறியது, தெருவில் சாவு என்று அந்த வாரம் வீட்டில் நடந்ததையும் ஒளிக்காமல் நோட்டில் எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மறுதேதி வரை காத்திருக்காதீர்கள்.

வேறு மருந்தைச் சந்தேகப்படுங்கள்

இதை யாரும் கேட்பதில்லை, அதனால் சொல்கிறேன். எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் வீசிங் உள்ள பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு மாதக்கணக்கில் கொடுக்கும் மாத்திரைகளில் மாண்டலூகாஸ்ட் இருக்கும். கெட்ட கனவு, முரட்டுத்தனம், மனச்சோர்வு போன்றவை அதனாலும் வரலாம் என்று 2020ல் அதற்குக் கட்டம் போட்ட எச்சரிக்கை கொடுத்தார்கள். வலிப்புக்குக் கொடுக்கும் லெவிடிராசிட்டாம் பிள்ளைகளைச் சிடுசிடுப்பாக்கும் என்பது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். மூக்கடைப்புக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் சளி சிரப், சால்பூட்டமால் சிரப் இரண்டும் படபடப்பைக் கூட்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூயாக்செட்டின் அட்டோமாக்செட்டினோடு சேர்ந்தால் அட்டோமாக்செட்டின் உடம்பில் தேங்கும். ஆகவே பிள்ளை சாப்பிடும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். வீசிங், வலிப்பு மருந்துகளை நீங்களாக நிறுத்துவது ஏடிஎச்டி மாத்திரையை நிறுத்துவதைவிடப் பெரிய ஆபத்து.

கண் சிமிட்டல், தொண்டை செருமல், நகம் கடித்தல்

கண்ணை அடிக்கடி சிமிட்டுவது, தோளைக் குலுக்குவது, தொண்டையைச் செருமுவது ஆகியவை ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளிடம் மருந்தில்லாமலும் அதிகம். வாரக்கணக்கில் வரும், போகும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தூண்டும் மருந்துகள் இவற்றைப் புதிதாக உண்டாக்குவதாகத் தெரியவில்லை, ஆனால் தனிப்பட்ட ஒரு பிள்ளைக்கு அதிகமாகலாம். போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். "கண்ணைச் சிமிட்டாதே" என்று அதட்டினால் இன்னும் கூடும். விரலில் ரத்தம் வரும்வரை தோலைப் பிய்ப்பது, ஒரே பொருளை மணிக்கணக்கில் அடுக்கிக்கொண்டே இருப்பது என்றால் அளவு அதிகமோ என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ராத்திரி தூங்காமல் பகலில் சீறினால்

பகல் எரிச்சலில் பாதி தூக்கக் குறைவுதான். கடைசி வேளை எத்தனை மணிக்கு என்று பாருங்கள். சாயந்தரம் டீ, காபி கொடுக்கிறீர்களா? போன் எத்தனை மணி வரை? ஒரே அறையில் டிவி, சமையல், தூக்கம் எல்லாம் நடக்கிற வீட்டில் பிள்ளையை ஒன்பது மணிக்குத் தூங்கச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஒலியைக் குறைத்து, பிள்ளை படுக்கும் பக்கத்து விளக்கையாவது அணைத்து, தினமும் ஒரே நேரத்துக்குப் படுக்கை விரித்தால் சில வாரத்தில் பழகும். மாத்திரைக்கு முன்பே தூங்காத பிள்ளையா என்பதைப் பழைய பக்கத்தில் பாருங்கள்.

டாக்டர் முன்னால் உட்காரும்போது

ஸ்டேன்லியோ, எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியோ, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையோ, ஓ.பி.யில் உங்கள் முறை வரும்போது பேச நேரம் குறைவு. பள்ளிக்கு வரும் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவின் பட்டியலிலும் ஏடிஎச்டி இருக்கிறது, அவர்கள் வழியாகவும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பச் சொல்லலாம். எங்கே போனாலும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள்: எந்த மாத்திரை, எந்த மணிக்கு, என்ன நடக்கிறது, மாத்திரை போட்டு எத்தனை மணி நேரம் கழித்து. "தெனமும் எட்டு மணிக்குப் போடறேன் டாக்டர், பதினோரு மணியிலேர்ந்து பன்னண்டு வரைக்கும் அழுவறான், அப்பறம் சரியாயிடறான்" என்று சொன்னால் அவர் உடனே நிமிர்ந்து கேட்பார்.

எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் நான்கையும் ஒவ்வொரு முறையும் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். அவர்கள் மறந்தால் நீங்கள் கேட்கலாம், தப்பில்லை. அளவை மாற்றினால் அடுத்து எப்போது வர வேண்டும், அதற்குள் எதைக் கண்டால் உடனே வர வேண்டும் என்று கேட்டு, சீட்டின் பின்பக்கம் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். மெத்தில்ஃபெனிடேட் என்றால் அட்டையில் ஒரு வாரத்துக்கு மாத்திரை மீதி இருக்கும்போதே அடுத்த சீட்டுக்குக் கிளம்புங்கள், எந்தக் கடையில் இருப்பு இருக்கிறது என்று மருந்து எழுதும் இடத்திலேயே கேட்டுக்கொண்டு வாருங்கள்.